ஒரு மணி நேர மௌனம்

மாமியாரை ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார வைப்பதைவிடக் கதிரியக்கச் சர்க்கரை தயாரிப்பது எளிது. மருத்துவமனையின் வேதியியலாளரான மருமகளைத் தவிர இதை வேறு யார் சொல்ல முடியும்? ஈயச் சுவருக்குப் பின்னால் நின்று அவள் தயாரித்த மருந்து, புது ஸ்கேனரின் முதல் நோயாளியான மாமியாரின் கையில் அப்போதுதான் ஏறியிருந்தது.

"அத்தை, புற்றுநோய்க்குச் சர்க்கரைன்னா உசிரு. அதான் சர்க்கரையில விளக்கைக் கட்டி அனுப்பியிருக்கோம். எது அள்ளித் தின்னுதோ அது பளிச்சுனு தெரியும். ஆனா வேலை செய்யற தசையும் தின்னும். அதனால வாயே திறக்கக் கூடாது."

"இத்தனை வருஷம் பேசினதுக்கு இப்படிப் பழி வாங்கறியா?"

மருமகள் சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். போன வருடம் மாமியாரின் மார்பிலிருந்து கட்டியை எடுத்தாயிற்று. சாதாரண ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனால் ரத்தப் பரிசோதனை மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

ஸ்கேன் முடிந்ததும் முதலில் திரைக்கு முன் பாய்ந்தவர், பெயரைவிடப் பட்டங்கள் நீளமான மருத்துவமனை இயக்குநர். படத்தில் மாமியாரின் கழுத்தில் இரண்டு பொட்டுகள் ஜொலித்தன.

"தொண்டையில புற்று! பிடிச்சிடுச்சு பாருங்க, நம்ம மெஷின்!" என்று, கூடவே அழைத்து வந்திருந்த புகைப்படக்காரர் பக்கம் திரும்பி நின்றார்.

மருமகள் அவரை விலக்கிவிட்டுத் திரையருகே குனிந்தாள். உற்றுப் பார்த்தாள். இரண்டு பொட்டும் ஒரே அளவு, நேருக்கு நேர். குரல்வளைத் தசை!

வெளியே ஓடினாள். "அத்தை, பேசினீங்களா?"

"நான் எங்கம்மா பேசினேன்? நீ அந்தப் பக்கம் போனதும் இந்த மனுஷன்தான் கேமராவோட வந்து, 'நாலு வார்த்தை சொல்லுங்க பாட்டி'ன்னார். பாட்டியாம்! நாலோட நிறுத்த முடியுமா?"

பின்னாலேயே வந்திருந்த இயக்குநர் டையைச் சரிசெய்துகொண்டார்.

"இங்க வாங்க, சீக்கிரம்!" உள்ளேயிருந்து ஸ்கேன் மருத்துவரின் குரல் உயர்ந்தது. திரையில், அக்குள் பக்கம் மிளகளவு ஒரு புள்ளி, தனியாக எரிந்தது. "பழைய ஸ்கேன்ல இந்த நிணநீர் முடிச்சு சாதாரணமாத்தான் இருந்துது. வீங்கறதுக்கு முன்னாடியே இதுக்குப் பசி வந்திருக்கு! ஊசியால கொஞ்சம் சதை எடுத்துச் சோதிச்சு உறுதி பண்ணணும். புற்றாவே இருந்தாலும் இவ்வளவு சின்னதுல மாட்டினது பெரிய விஷயம். எடுத்துடலாம்."

மருமகள் வெளியே விரைந்தாள். பயம் பாதி; மீதி, தன் சர்க்கரை திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த குஷி. மாமியாரிடம் எதையும் மறைக்காமல் சொன்னாள்.

மாமியார் சற்று நேரம், யாரும் கேட்காமலே, மௌனமாக இருந்தார்.

"எடுத்துடலாம்னா எடுத்துடுங்க. அப்போ தொண்டையில இருக்கறது?"

"அது நோயில்ல, அத்தை. உங்க பேச்சு."

"அதுக்கு மருந்து கிடையாதுன்னு உன் புருஷன்கிட்ட சொல்லிடு."