மேலாளர் அனுப்பிய படம்

எனக்குக் கண் தெரியாது. காது நன்றாகக் கேட்கும். வாயும் உண்டு, அதுதான் எங்கள் அலுவலகத்தில் பலருக்குப் பிடிக்காது.

தொலைபேசியில் வாடிக்கையாளர்களின் புகார் கேட்கும் வேலை. திரையில் இருக்கும் எழுத்தை என் கணினி காதில் படித்துச் சொல்லும். பதினொரு மாதமாக ஒப்பந்தத்தில் இருக்கிறேன். ஒரு தேர்வு, ஜெயித்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீடு. அந்தத் தேர்வுத் தேதியை மேலாளர் வண்ண வண்ணமாக ஒரு படத்தில் போட்டு எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பினார். என் கணினி "படம்" என்றது. அவ்வளவுதான். தினமும் பத்து காலை வணக்கப் படம் வருகிற இடம், இதையும் அப்படியே விட்டுவிட்டேன்.

தேர்வு முடிந்த மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

"அண்ணே, பக்கத்து சீட்லதானே இருக்கீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"யாராச்சும் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேம்மா."

நினைத்தாராம்! இருந்தது ஒரே இடம், போட்டியிட்டது நாங்கள் இருவர். மதியம் என் சாப்பாட்டு டப்பாவில் கை விட மட்டும் நான் தங்கச்சி.

மேலாளர் என் இடத்துக்கே வந்தார். ஒரு தாளைக் கையில் கொடுத்துத் தேனொழுகப் பேசினார்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதாம்மா அனுப்பினோம். இதுல ஒரு கையெழுத்து போட்டுடு. சும்மா ஃபைலுக்குத்தான். எங்க போடணும்னு நான் விரல் வெச்சுக் காட்டறேன்."

தாளைக் கைபேசியில் படம் பிடித்தேன். சத்தத்தை முழுசாக ஏற்றி, படிக்க விட்டேன்.

"தேர்வு பற்றி எனக்கு முன்பே தெரியும். சொந்த விருப்பத்தின் பேரில்தான் அதை எழுதாமல் விட்டேன். ஒப்பந்தம் முடிந்ததும் விலகிக்கொள்கிறேன்."

கூடத்தில் தட்டச்சுச் சத்தம் மொத்தமும் நின்றது.

"ஐயோ, அத ஆஃப் பண்ணும்மா!"

"ஏன் சார்? இன்னொரு தடவ படிக்கச் சொல்லவா? மேல் மாடிக்குக் கேட்டிருக்காது."

அவர் மூச்சு வாங்கினார். "சரி சரி. நாளைக்கு உனக்குத் தனியா தேர்வு வெச்சுடலாம்."

"நாளைக்கு இல்ல. இப்பவே."

பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. "சார், அப்போ என் வேலை?" என்றார் அண்ணன்.

அந்தக் குரலில் இருந்த பயம் எனக்கு அத்துப்படி. பதினொரு மாதமாக என் தொண்டையில் கிடப்பது. பாவமாகத்தான் இருந்தது.

"கேள்விய படமா இல்லாம எழுத்தா அனுப்புங்க சார்" என்றேன்.