ஒன்பதாம் பக்கம்

நான் மூணாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், ஆனால் அச்சடித்த தாளை நம்ப மாட்டேன். முதுகுளத்தூரில் ஒரு தரகன் என்னிடம் அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்கி, மிளகாய்க் காட்டில் பாதியைக் கொண்டுபோய்விட்டான். அன்றிலிருந்து எவன் தாளை நீட்டினாலும் முழுக்க வாசித்துக் காட்டச் சொல்வேன். ஊரில் கேலி பண்ணுவார்கள். பண்ணட்டும்.

என் மகன் மாரீஸ்வரன் புதுமடத்தில் மீன் வண்டி ஓட்டுகிறான். குடி. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தை மாதம் மருமகள் முருகலட்சுமி என் பேத்தியையும் தூக்கிக்கொண்டு சாயல்குடிக்கு அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். அப்புறம்தான் இந்த ஊசிப் பேச்சு வந்தது. ஏதோ ஒரு பல்கலைக்கழகத்துக்காரர்கள் உச்சிப்புளியில் மாடியில் ரெண்டு அறை பிடித்து, குடி ஆசையை அடக்க மாசம் ஒரு ஊசி போட்டுச் சோதிக்கிறார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்து மாதிரியே இருக்கிற, உள்ளே மருந்து இல்லாத வெறும் சரக்கு. யாருக்கு எது என்று ஊசி போடுகிற டாக்டருக்கே தெரியாதாம். நான் என் மாட்டுக்குக்கூட இப்படிச் செய்ய மாட்டேன். ஆனால் முருகலட்சுமி போனில் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: அந்த ஊசியைப் போட்டால் வருவேன், இல்லையென்றால் வர மாட்டேன். அதனால் நானும் கூடப் போனேன்.

அங்கே போனதும் மூத்திரம் பிடித்து வரச் சொல்லிக் குப்பி கொடுத்தார்கள். மாரீஸ்வரன் என்னைக் கக்கூஸ் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். போன வாரம் கொஞ்சம் குடித்துவிட்டேன், சோதனையில் தெரிந்தால் விரட்டிவிடுவார்கள், உங்களுடையதைப் பிடித்துக் கொடுங்கள் என்றான். நான் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. என் பிள்ளையை வைத்துச் சோதனை பார்க்கிறவர்களை ஏமாற்றினால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்துக் கோடு வரைக்கும் பிடித்துக் கொடுத்தேன்.

சோதனை சரியாக வந்தது. துர்காதேவி என்கிற டாக்டரம்மா குளிர்பெட்டியிலிருந்து மருந்தை எடுத்து மேசையில் வைத்தார். குளிர் போக முக்கால் மணி நேரம் ஆகும், அதற்குள் வீட்டு ஆள் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

லாமியா என்று ஒரு நர்சுப் பிள்ளை பன்னிரண்டு பக்கத் தாளைக் கொண்டுவந்தது. மாரீஸ்வரன் தன் தாளில் பக்கத்தைப் புரட்டாமலே கையெழுத்துப் போட்டிருந்தான். நான் வாசிக்கச் சொன்னேன். அது முகம் சுளிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது.

உள்ளே கட்டிலில் இருந்து அவன் சத்தம் கொடுத்தான். "அய்யா, எல்லாம் பாத்தாச்சு. போட்டுக் குடுங்க."

"நீ வாசிச்சியாலே?"

லாமியா அடுத்த பக்கத்தைப் புரட்டியது.

எட்டுப் பக்கம் போனது. ஒன்பதாம் பக்கத்தில் லாமியா இப்படி வாசித்தது: "அபின் வகை வலி மாத்திரைகளைச் சமீபத்தில் உட்கொண்டவருக்கு இந்த ஊசி போடக் கூடாது. போட்டால் கடும் வாந்தியும் மயக்கமும் வரலாம், உயிருக்கே ஆபத்து நேரலாம்."

என்ன மாத்திரை என்று கேட்டேன். டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் கிடைக்காது, ஆனால் கடற்கரைப் பக்கம் திருட்டுத்தனமாக விற்கிறார்கள், இடுப்பு வலி என்று டிரைவர்கள் போட்டுப் பழகிவிடுகிறார்கள் என்றது.

மாரீஸ்வரன் காலையில் பஸ் ஸ்டாப்பில் டீயோடு ரெண்டு மாத்திரை முழுங்கினான். இடுப்பு வலி என்றான். மூணு மாசமாக அதே இடுப்பு வலிதான். மாத்திரை தீர்ந்த நாளில் மூக்கு ஒழுகும், கை நடுங்கும். குடி இறங்குகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் ஏன் என் மூத்திரத்தைக் கேட்டான் என்பது அப்போதுதான் புரிந்தது.

லாமியா பத்தாம் பக்கத்துக்குப் போய்விட்டது. எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. ஊசியில் வெறும் சரக்காக இருந்தால் ஒன்றும் ஆகாது. மருமகள் வந்துவிடுவாள், பேத்தி வந்துவிடுவாள். நான் வாயைத் திறந்தால் ரெண்டும் போச்சு. பாதிக்குப் பாதி. டாக்டரம்மா மருந்தைக் கலக்கி ஊசியில் ஏற்றுவது கதவு வழியாகத் தெரிந்தது. மாரீஸ்வரன் குப்புறப் படுத்து என்னைப் பார்த்தான். லாமியா வாசித்தது அவனுக்கும் கேட்டிருக்கிறது. சொல்ல வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினான்.

செத்தாலும் சரி என்று படுத்திருக்கிறான், பாவி.

எழுந்து உள்ளே போனேன். "டாக்டரம்மா, அது எம் மூத்திரம்."

அவருக்கு விளங்கவில்லை. "எது?"

"குப்பியில இருந்தது. இவன் வலி மாத்திரை திங்கிறான். காலையிலகூட ரெண்டு."

ஊசி தட்டில் இறங்கியது. மாரீஸ்வரன் எழுந்து உட்கார்ந்து, கிழவன் பொய் சொல்கிறான், ஊசியைக் கண்டாலே இவனுக்குப் பயம் என்றான். ஆணியில் தொங்கிய அவன் சட்டைப் பையில் கைவிட்டு, மீதி மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன்.

டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். என்னைத்தான் கேட்டார். "ஒங்க மகன நீங்களே கொல்லப் பாத்தீங்களா ஐயா?" கேட்டது சரிதான்.

சோதனையில் இனி அவனைச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

"எம் பொழப்பக் கெடுத்துட்டீக," என்றான் மாரீஸ்வரன். "இனி அவ வரமாட்டா."

"ஊசி போட்டிருந்தா வந்திருப்பாலே. ஒரு நா. ஒப்பாரி வைக்க."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான்.

மாத்திரையை விடவைக்க ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கலாம், கடிதம் தருகிறேன், இன்றைக்கே போங்கள் என்றார் டாக்டரம்மா. மாத்திரை விட்டபிறகு, இந்தச் சோதனையில் இல்லாமல் வெளியே ஊசி போடுவதைப் பற்றி யோசிக்கலாமாம், ஆனால் உறுதி சொல்ல மாட்டாராம். உறுதி சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

லாமியா இன்னொரு தாளும் ஸ்டூலுமாக உள்ளே வந்தது. மாத்திரையை விடும்போது உடம்பு என்ன செய்யும், வீட்டு ஆள் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறதாம். ஒரே பக்கம். கையெழுத்துப் போட இடம் காட்டியது.

"முழுசா வாசி தாயி," என்றேன்.

வாசித்தது. நடுக்கம், வயிற்றுப்போக்கு, தூக்கம் இல்லாமை, எத்தனை நாள், யார் கூட இருக்க வேண்டும். முடித்துவிட்டு என் பக்கம் பேனாவை நீட்டியபோது சுவர்ப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நடுக்கம் எத்தன நாளுன்னு போட்டிருக்கு? அத இன்னொருக்க வாசிங்க."

லாமியா என்னைப் பார்த்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கட்டில் பக்கமாக ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தது.