இரண்டாவது தொடுகை

சுகிர்தா வேலைக்கு வந்த முதல் நாளே நிரோஜா அவளை அடையாளம் கண்டுவிட்டாள். முகத்தை வைத்து அல்ல. முகம் தலைக்கவசத்தின் கண்ணாடிக்குள் மறைந்திருந்தது. குரலை வைத்துத்தான். சளி பிடித்ததுபோல் கரகரக்கும் ஒரு குரல், தண்ணீர் பவுசர் வண்டிக்கு அருகே யாரிடமோ, "கையை விடுங்கோ, நான் தூக்கிறன்" என்றது. நிரோஜா கையிலிருந்த போத்தலைக் கீழே வைத்தாள்.

பதினாறு வருடங்களுக்கு முன், போரின் கடைசி மாதங்களில், தருமபுரத்தில், தறப்பாள் கொட்டிலின் வாசலில் நின்று அந்தக் குரல்தான் அம்மாவிடம் "கையை விடுங்கோ அம்மா" என்று சொன்னது. அம்மா தம்பி ரூபனின் கையைப் பிடித்திருந்தார், பின்னால் நிரோஜா நின்றாள். ரூபனுக்கு அப்போது பதினேழு வயது. இயக்கத்துக்கு ஆள் சேர்க்க வந்த மூன்று பேரில் ஒருத்தி அவள். அவளுக்கும் இருபது வயதுக்கு மேல் இராது. அம்மா கடைசியில் கையை விட்டார். ரூபன் போனான். பிறகு வரவில்லை. இருக்கிறானா, இல்லையா என்று சொல்லவும் ஒருவரும் வரவில்லை.

நிரோஜாவுக்கு இப்போது முப்பத்தொன்பது வயது. முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் பதினொரு வருடம். எட்டுப் பெண்கள் கொண்ட அணிக்கு அவள்தான் தலைவி. ஒவ்வொருத்திக்கும் ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு பாதை. முழந்தாளிட்டு, உலோகம் தேடும் கருவியால் மண்ணை மெல்லத் தடவ வேண்டும். அது சத்தமிட்டால் அந்த இடத்தைப் பக்கவாட்டில் இருந்து சுரண்டிச் சுரண்டிப் பார்க்க வேண்டும். ஒரு நாளில் ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம் முடிந்தால் நல்ல நாள். மேற்பார்வையாளர் குகதாசன் அவளைப் பற்றி, "அந்தப் பிள்ளைக்கு மண்ணுக்குள்ளயும் கண் தெரியும்" என்று புது ஆட்களிடம் சொல்வார். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சுகிர்தா வந்ததை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. குகதாசனிடமும் சொல்லவில்லை. ஒரு சின்னக் கொப்பி வாங்கினாள். சுகிர்தா விடும் பிழைகளை அதில் எழுதத் தொடங்கினாள். கையுறை போடாமல் கத்தரிக்கோல் எடுத்தது. ஓய்வு விசில் ஊதிய பிறகும் பாதைக்குள் இருந்தது. பெரிய பிழை ஒன்று வரும், அன்றைக்கு இவளை வீட்டுக்கு அனுப்பலாம் என்று காத்திருந்தாள். அப்படிக் காத்திருப்பதும் தன் கடமைக்குள் அடங்கும் என்றுதான் அவள் நினைத்தாள். பாதுகாப்பு விடயமல்லவா?

மாசி போய்ப் பங்குனி வந்தது. திருநீற்றுப் புதன் அன்று பரந்தன் கோயிலில் மாலைப் பூசை. வேலை முடிந்து வந்து, குளித்து, அம்மாவுடன் போனாள். பாதர் வயது குறைந்தவர். பேசும்போது அடிக்கடி நிறுத்தி யோசிப்பவர். அன்று அவர் கண் தெரியாத ஒரு மனிதனைப் பற்றிச் சொன்னார். இயேசு அவனைத் தொட்டு, என்ன தெரிகிறது என்று கேட்டார். மனிதர்கள் தெரிகிறார்கள், ஆனால் நடந்து திரியும் மரங்களைப் போல இருக்கிறார்கள் என்றான் அவன். இயேசு மறுபடியும் அவன் கண்களில் கை வைத்தார். அதற்குப் பிறகுதான் அவனுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

"ஆண்டவர் ஏன் ரெண்டு தரம் தொட்டவர் எண்டு எனக்குத் தெரியாது," என்றார் பாதர். "ஆனா எனக்கு ஒருதரம் தொட்டது காணாது எண்டு மட்டும் தெரியும்."

நிரோஜாவுக்கு எரிச்சல் வந்தது. ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை.

வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் இருவரும் செபமாலை சொல்வது வழக்கம். கடைசியில் ரூபனுக்காக ஒரு மன்றாட்டு. அம்மா அதை ஒவ்வொரு நாளும் ஒரே குரலில் சொல்வார். நிரோஜா மனதுக்குள் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வாள்: அவனைக் கொண்டுபோனவர்களை நீர் பாரும் ஆண்டவரே. பதினாறு வருடமாகச் சேர்த்து வந்தாள். பாரும் என்றால் தண்டியும் என்றுதான் அர்த்தம். அன்று நெற்றியில் சாம்பலோடு முழங்காலில் இருந்தபோது அந்தச் சொல் அவள் மனதில் தடக்கியது. தான் பார்க்கிறபடி பாரும் என்றுதானே இத்தனை காலமும் ஆண்டவரிடம் கேட்டு வந்திருக்கிறோம் என்று தோன்றியது. அவர் பார்க்கிறபடி தனக்குக் காட்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"எனக்கும் இன்னொருக்காத் தொடுங்கோ," என்று மெல்லச் சொன்னாள்.

"என்ன சொன்னனீ?" என்று அம்மா கேட்டார்.

"ஒண்டுமில்லை அம்மா."

சொன்ன பிறகு பயம் வந்தது. கேட்கப்படாத மன்றாட்டாக அது போய்விட்டால் நல்லது என்றும் நினைத்தாள்.

ஆனாலும் அந்தத் தவக்காலத்துக்கு ஒரு ஒறுத்தல் எடுத்துக்கொண்டாள். மச்சம் மாமிசம் விடுவது எல்லோரும் செய்வது. இவள் ஒவ்வொரு நாளும் காலைத் தேநீர் நேரத்தில், கர்த்தர் கற்பித்த செபம் ஒன்று சொல்லி முடிக்கிற அளவு நேரம் சுகிர்தாவைப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். பிழை பிடிக்க அல்ல, வெறுமனே பார்க்க. முதல் கிழமை, பிறர் குற்றத்தைப் பொறுப்பது பற்றிய வரியை அவளால் சொல்ல முடியவில்லை. அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

முதலில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. சப்பாத்து, நீலக் காற்சட்டை, வியர்வை. சுகிர்தா நல்லவளாகவும் தெரியவில்லை. நிழலுக்குச் சண்டை பிடித்தாள். தேநீரில் சீனி காணாது என்று சமையல்காரரை ஏசினாள். ஆனால் இரண்டாம் கிழமை, அவள் எப்போதும் மற்றவர்களின் முகத்தைப் பார்க்காதபடி திரும்பியே இருக்கிறாள் என்பதை நிரோஜா கவனித்தாள். இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் மடங்கவில்லை. சூடான கோப்பையை அந்தக் கையால் பிடித்தால் சூடு தெரியாமல் அப்படியே வைத்திருந்தாள். யாராவது பின்னால் இருந்து கூப்பிட்டால் முழு உடம்பும் ஒருமுறை இறுகி, பிறகு தளர்ந்தது. அவள் ஒரு கண்ணிவெடியைக் கண்டெடுத்த நாளில் மற்றப் பெண்கள் கை தட்டினார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் தள்ளிப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, வாயைக் கொப்பளித்து, மறுபடியும் பாதைக்குள் இறங்கினாள்.

இவளும் ஒரு வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டவளாக இருக்கலாம். அந்த நினைவு கூப்பிடாமலே வந்தது. நிரோஜா அதைத் தள்ளிவிட்டாள். அது போகவில்லை.

தவக்காலத்தின் நான்காம் கிழமையில் நிரோஜா காத்திருந்த பிழை வந்தது. ஒரு மதியம் பாதைகளைச் சரிபார்த்துக்கொண்டு போனபோது, சுகிர்தாவின் பாதையில் சிவப்புத் தடி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அந்தத் தடிக்கு இப்பால் உள்ள நிலம் பார்த்து முடித்தது, அப்பால் உள்ளது பார்க்காதது. தடி ஒரு சாண் முன்னுக்குப் போயிருந்தது. அந்த ஒரு சாண் நிலத்தைக் கருவி தொடவில்லை. அடுத்த நாள் வேறொருத்தி நம்பிக் கால் வைக்கக்கூடிய இடம்.

நிரோஜா விசில் ஊதி எல்லோரையும் வெளியே எடுத்தாள். சுகிர்தாவைத் தனியே ஓய்வுக் கொட்டிலுக்குக் கூப்பிட்டாள். கொப்பி பொக்கற்றில் இருந்தது.

"தடியைப் பார்த்தனீங்களோ?"

சுகிர்தா தலைக்கவசத்தைக் கழற்றினாள். முகம் வெளிறியிருந்தது. "ஓம். இப்பதான் பார்த்தனான். ராத்திரி நித்திரை இல்லை. பிழை என்ர. எழுதுங்கோ."

"எழுதினா வேலை போகும்."

"தெரியும்."

அவள் கெஞ்சுவாள் என்று நிரோஜா எதிர்பார்த்திருந்தாள். அவள் கெஞ்சவில்லை. கதிரையில் இருக்கவும் இல்லை. நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்:

"நீங்கள் ரூபன்ர அக்கா எண்டு எனக்கு முதல் நாளே தெரியும்."

நிரோஜா வாங்குப் பலகையில் அமர்ந்தாள்.

"உங்கட அம்மா என்ர கையையும் பிடிச்சவா," என்றாள் சுகிர்தா. "முதல் அவன்ர கை. பிறகு என்ர கை. 'நீயும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே' எண்டு கேட்டவா. அதுக்கு ரெண்டு வருசம் முதல், என்னைக் கொண்டுபோகேக்க, என்ர அம்மாவும் அதைத்தான் கேட்டவா. எனக்கு அப்ப பதினெட்டு வயசு. அது தெரிஞ்சும்தான் உங்கட வீட்டை வந்தனான். வராட்டி என்னைத்தான் சண்டைக்கு முன்னுக்கு அனுப்பியிருப்பினம். எனக்குச் சாகப் பயம். அதுதான் காரணம். வேற ஒண்டுமில்லை."

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்ல? மன்னிப்புக் கேக்கிறதோ? அது கேக்கிற அளவான காரியமோ?"

நிரோஜா அவளைப் பார்த்தாள். செபம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல நினைக்கவும் இல்லை. எதிரே நின்ற பெண்ணுக்கு முப்பத்தாறு வயது இருக்கும். காதோரம் நரைத்திருந்தது. கண் இமைகளில் முகமாலை மணல். பதினாறு வருடமாக நிரோஜாவின் மனதில் கறுப்பாக, அசையாமல் நின்ற ஒன்று இருந்தது. அதற்கு முகம் இருக்கவில்லை. குரல் மட்டும் இருந்தது. இப்போது அந்த இடத்தில் ஒரு மனுசி நின்றாள். பயந்து, பிழை செய்து, அந்தப் பிழையோடு சேர்ந்தே வயது போன ஒருத்தி. ஆண்டவர் இவளை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று நிரோஜாவுக்குத் தெரிந்தது. தன்னைப் பார்ப்பதுபோலவே பார்த்திருக்கிறார். கோபம் போய்விடவில்லை. நெஞ்சுக்குள் அது அப்படியே கிடந்தது. ஆனால் அதைத் தாண்டியும் பார்க்க முடிந்தது.

"நான் இதை எழுதத்தான் வேணும்," என்றாள் நிரோஜா. "ஒருத்திக்குக் கால் போயிருக்கும்."

"எழுதுங்கோ அக்கா."

அந்த 'அக்கா' நிரோஜாவை அழ வைத்தது. சுகிர்தா கிட்ட வரவில்லை. தண்ணீர்ப் போத்தலை மட்டும் வாங்கின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

பின்னேரம் நிரோஜா குகதாசனிடம் போய் நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாள். தடியைப் பற்றி மட்டும்தான். பிறகு, "ஆளை நிப்பாட்டாதேங்கோ அண்ணை. கவனமான வேலைக்காரி. திரும்பப் பயிற்சிக்கு அனுப்புங்கோ. முடிஞ்சாப் பிறகு என்ர அணிக்கே தாங்கோ," என்றாள்.

குகதாசன் நெற்றியைச் சுருக்கினார். "நீதானே அந்தப் பிள்ளையின்ர பிழையளைக் கொப்பியில எழுதிக்கொண்டு திரிஞ்சனீ?"

"ஓம். நான் பார்த்தது காணாது."

அவர் மேலிடத்தோடு பேசினார். இரண்டு கிழமைப் பயிற்சி, ஒரு எச்சரிக்கைக் கடிதம். அதோடு முடிந்தது. நிரோஜா கொப்பியைத் தேநீர் அடுப்பில் போட்டாள்.

அம்மாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. பெரிய வெள்ளி கழிந்து, உயிர்ப்பு ஞாயிறு பூசையும் முடிந்து, மதியம் இருவரும் இருந்து சாப்பிட்டபோது சொன்னாள். அம்மா சோற்றுக் கையோடு அப்படியே இருந்தார். பிறகு எழும்பிப் போய்க் கை கழுவினார். அன்றும் அடுத்த இரண்டு நாட்களும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. செபமாலையை மட்டும் வழக்கம்போலச் சொன்னார். நிரோஜா தான் அவசரப்பட்டுவிட்டதாகப் பயந்தாள்.

புதன்கிழமை காலை, அவள் வேலைக்கு வெளிக்கிடும்போது அம்மா குசினி அடுப்படியில் இருந்து கேட்டார்: "அவள் எங்க இருக்கிறாள்?"

"பூநகரியில. தனிய."

"சனிக்கிழமை வரச் சொல்லு."

சனிக்கிழமை பத்து மணி பஸ்ஸில் சுகிர்தா வந்தாள். கையில் ஒரு பை வாழைப்பழம். படலைக்குள் வரத் தயங்கினாள். நிரோஜா போய்க் கூட்டிவந்தாள். அம்மா கதிரையைக் காட்டினார். மூவரும் இருந்தார்கள். சுகிர்தா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அண்டைக்கு அவன் ஒண்டும் சாப்பிடேல்லை," என்றார். "கஞ்சி இறக்கேக்கதான் நீங்கள் வந்தனீங்கள். பிறகு சாப்பிட்டவனோ?"

சுகிர்தா தலையாட்டினாள். "ஓம் அம்மா. அண்டைக்குப் பின்னேரம் பருப்பும் சோறும். நான்தான் போட்டனான். முதல் வேண்டாம் எண்டவன். பிறகு ரெண்டு தரம் வாங்கினவன்."

அம்மா கண்களை மூடினார்.

"எனக்கு ரெண்டு நாள்தான் தெரியும் அம்மா," என்றாள் சுகிர்தா. "பிறகு அவையளை வேற இடத்துக்குக் கொண்டுபோட்டினம். அதுக்குப் பிறகு என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"அந்த ரெண்டு நாளையும் சொல்லு பிள்ளை," என்றார் அம்மா. "எங்களிட்ட அதுகூட இல்லை."

சுகிர்தா சொன்னாள். ரூபன் தன்னைவிடச் சின்னவன் ஒருவனுக்குத் தான் போட்டிருந்த சேட்டைக் கழற்றிக் கொடுத்தது. இரவில் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுப் படுத்தது. யாரோ பகிடி சொன்னபோது முதல் ஆளாகச் சிரித்தது. ஒவ்வொன்றையும் அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். என்ன நிறச் சேட்டு? எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தவன்? தெரிந்ததற்குச் சுகிர்தா பதில் சொன்னாள். தெரியாததற்குத் தெரியாது என்றாள். ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை. இடையில் ஒருமுறை அவளால் தொடர முடியாமல் போனது. அம்மா எழும்பிப் போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து, அவளுடைய வலது கையில் கொடுத்தார்.

நிரோஜா இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா காத்திருக்கிறவர் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். ரூபனைப் பற்றி யாராவது பேச வேண்டும் என்று இவ்வளவு பசியோடு இருந்திருக்கிறார் என்பதை இன்றைக்குத்தான் கண்டாள்.

மன்னிப்பு என்ற சொல்லை அன்று ஒருவரும் சொல்லவில்லை. மத்தியானம் மூவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். மூன்று மணிக்கு அடுத்த பஸ். அதை விட்டால் ஐந்து மணிக்குத்தான். மூன்று மணி பஸ் வீதியில் போகும் சத்தம் கேட்டது. சுகிர்தா எழும்பவில்லை. அம்மாவும் எழும்பச் சொல்லவில்லை.