பதினோரு மில்லிமீட்டர்

அலுவலகத்தில் அவரை மில்லிமீட்டர் என்றால்தான் தெரியும். சர்வேயர்களிலேயே அளவு பிசகாத ஆள் என்று அப்படி ஒரு பட்டம். அதைப் பத்தொன்பது வருடம் சுமந்தவருக்குத்தான் அதன் லட்சணம் தெரியும்.

பூமியின் மேலோடு ஒரே துண்டு அல்ல. உடைந்த தட்டுகளாகக் கிடந்து, ஒன்றையொன்று உரசிக்கொண்டு, நகம் வளர்வதைவிட மெதுவாக நகர்கிறது. அப்படி இரண்டு தட்டுகள் உரசும் கோடு, ஊரின் ஓரத்தில் ஒரு காலி மனையின் குறுக்கே போகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கல், அந்தப் பக்கம் ஒரு கல். வருடம் ஒருமுறை இடைத்தூரத்தை அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். நிலம் நகர்கிறதா என்று பார்க்கத்தான் கல்லே நட்டார்கள். ஆனால் அளக்க அனுப்பியதோ வீட்டு மனைக்கு எல்லை அளக்கும் ஆட்களை. கல் இடம் மாறினால் அளந்தவன் தலையில் பழியைப் போட்டே பழகிய கூட்டம் அது.

முதல் வருடம் அவர் அளந்தபோது பழைய பதிவைவிடப் பதினோரு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது. அப்போதைய அதிகாரி தாளைத் தூக்கி எறிந்தார்.

"கல்லு நடக்குமாய்யா? உன் கைதான் நடுங்குது. போய் திரும்ப அள."

மூன்று முறை போய் அளந்தார். மூன்று முறையும் அதே பதினொன்று. நான்காம் முறை மரத்தடியில் உட்கார்ந்து, பழைய எண்ணையே ஒரு மில்லிமீட்டர் கூட்டி எழுதிக் கொடுத்தார். முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். அதன்பிறகு ஒரு வருடம் ஒன்று கூட்டுவார், மறுவருடம் ஒன்று குறைப்பார். பார்ப்பதற்கு அச்சு அசல் அளந்தது போலவே இருக்கும். மனையின் வேலி கோணியபோது வேலி போட்டவனுக்குத்தான் திட்டு விழுந்தது.

இப்போது அந்த மனையில் பள்ளிக்கூடம் கட்டப் போகிறார்கள். நிலம் அசையவில்லை என்று பதிவேடு சொல்கிறது, அனுமதியும் கிடைத்துவிட்டது. அங்கே வேலை கிடைத்திருப்பதாக ஆசிரியையான அவர் மகள் சந்தோஷமாக வந்து சொன்ன அன்று, அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். உண்மையைச் சொல்லி, அந்த வேலை வேண்டாம் என்றார். ஓய்வு பெற மூன்று மாதம்தான் இருக்கிறது, விஷயம் வெளியே போக வேண்டாம் என்றும் கெஞ்சினார்.

"எனக்கு மட்டும் சொல்றீங்களாப்பா? அங்க படிக்க வர்ற பிள்ளைங்களுக்கு யார் சொல்றது?" என்று கேட்டாள். அதோடு அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

அது சுருக்கென்று தைத்தது. அந்த வருட அளவில் உள்ளதை உள்ளபடி எழுதினார்: இருபத்தொரு சென்டிமீட்டர் கூடுதல். இப்போதைய அதிகாரி சிரித்தார். ஒரே வருடத்தில் இவ்வளவு நகர்ந்திருந்தால் ஊரே குலுங்கியிருக்காதா என்றார். வேறு வழியில்லாமல் அவர் பத்தொன்பது வருடக் கதை முழுவதையும் கொட்டினார். அதிகாரி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"பத்தொம்பது வருஷம் பொய் எழுதினேன்னு நீங்களே சொல்றீங்க. இன்னிக்கு சொல்றத மட்டும் எப்படி சார் நம்பறது?"

"வேற ஆள அனுப்பி அளந்து பாருங்க."

"அளந்து, நீங்க சொல்றதுதான் சரின்னு வந்துட்டா? வருஷா வருஷம் அதுல கையெழுத்து போட்ட நாங்கல்லாம் எங்க சார் போறது?"

மேலிடத்துக்கு இரண்டு கடிதம் எழுதினார். இரண்டும் 'விசாரிக்கவும்' என்ற குறிப்போடு அதே அதிகாரியின் மேஜைக்கே வந்து சேர்ந்தன. வழியனுப்பு விழாவில் அந்த அதிகாரியே அவர் துல்லியத்தைப் புகழ்ந்து பேசினார். அவரும் வெட்கமில்லாமல் மேடையில் உட்கார்ந்திருந்தார்.

பள்ளிக்கூடம் எழும்பியது. மகள் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் விஷயம் தெரிந்த ஒரு ஆளாவது இருக்கட்டும் என்று தாயிடம் சொன்னாளாம். திறந்து ஒரு வருடம் கழித்து, அவளே அப்பாவைக் கூப்பிட்டனுப்பினாள்.

மாடிப்படியின் அடியில் சுவர் விரிசல் விட்டிருந்தது. கொத்தனார் வேலை சரியில்லை என்று இரண்டு முறை பூசிப் பார்த்திருக்கிறார்கள். விரிசலுக்குப் பக்கத்தில், மாதம் ஒரு கோடாக, தேதியும் அளவும் பென்சிலால் எழுதியிருந்தது. மகளின் கையெழுத்து. பிள்ளைகளின் அடிக்கோலால் அளந்திருக்கிறாள்.

"இந்த மாசத்துக்கு நீங்க அளங்கப்பா."

குனிந்து அளந்தார். தெரிந்த எண்தான். மேல் மாடியில் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம் கேட்டது.

"பதினொன்னு" என்றார்.

அவள் பென்சிலை நீட்டினாள்.

"எழுதி, கீழ கையெழுத்து போடுங்க. இத யாரும் திரும்ப அளக்கச் சொல்ல மாட்டாங்க."

வாங்கினார். அவர் கை நடுங்கியது.