பேச்சுத் துணை

"நீங்க எதுக்கும்மா அன்னைக்கு வண்டியில ஏறினீங்க?" வக்கீல் மறுபடியும் கேட்டார்.

"கடைத்தெருவுல எறக்கி விடச் சொன்னேன். போற வழிதானேன்னு ஏறிக்கிட்டேன்," என்றாள் அவள்.

"நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா மேசையைப் பாத்துச் சொல்றீங்க. இன்ஸ்பெக்டர் அம்மா மொகத்தைத்தான் பாப்பாங்க."

காவல் நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையின் மூலை மேசை அது. பக்கத்தில் அவளுடைய கணவன், டீயில் ஆடை படர்வதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நெற்றியில் தையல் பிரித்த தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. விபத்துக்குப் பிறகு அவன் எதையும் சூடாகக் குடிப்பதில்லை. ஆறும்வரை வைத்திருந்து, பிறகு மறந்துவிடுவான்.

வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "சட்டம் ஒண்ணே ஒண்ணைத்தான் கேக்கும். காய்ச்சல் இருந்துச்சாங்கறது இல்ல, இருந்தது இவருக்குத் தெரியுமாங்கறதுதான். ஓட்டும்போது திடீர்னு மயக்கம் வந்தா விபத்து. முடியலைன்னு தெரிஞ்சே சாவியைத் திருகினா குற்றம். லைசென்ஸ் போகும், உள்ளயும் போகணும். தெரிஞ்சே கூட ஏறினவங்களையும் சும்மா விடமாட்டாங்க. அதனால கடைத்தெரு. புரியுதா?"

"கால் போன அந்தத் தையல்காரருக்கு?"

"அவருக்கென்ன?"

"விபத்துன்னு முடிஞ்சா அவருக்கு என்ன கெடைக்கும்?"

வக்கீல் கரண்டியால் டீயைக் கலக்கினார். "யார் மேலயும் தப்பு இல்லைன்னா இன்ஷூரன்ஸ்ல ஏதோ கொஞ்சம் வரும். மிச்சத்தை யார்கிட்ட போய்க் கேப்பாரு? அதெல்லாம் நம்ம கவலை இல்லம்மா."

கணவன் முதல் முறையாக வாயைத் திறந்தான். "அவர் சொல்றபடியே சொல்லிடு. உன்னையும் இழுத்துடுவாங்க."

அவன் ஓட்டியது சலவைக் கம்பெனி வண்டி. ஓட்டல்களில் வெளுத்த விரிப்பு மூட்டைகளை இறக்கிவிட்டு அழுக்கு மூட்டைகளை ஏற்றி வர வேண்டும். டிரைவர் ஒருநாள் வரவில்லையென்றால் அந்தத் தடத்தில் மாற்று டிரைவரைப் போட்டுவிடுவார்கள். அதைத் திரும்ப வாங்குவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். அப்பா இறந்ததற்கு விடுப்பு எடுத்துத் தடத்தைப் பறிகொடுத்தவன், ஆள் மாற்றி ஆள் பிடித்து அப்போதுதான் அதை மீட்டிருந்தான். "காய்ச்சல் ஒனக்குத்தானே, வண்டிக்கு இல்லையே" என்பது அங்கே மேற்பார்வையாளரின் நிரந்தர நகைச்சுவை. டிரைவர்கள் அதற்கு ஒவ்வொரு முறையும் சிரித்து வைப்பார்கள்.

அன்று காலை அவன் செருப்பு மாட்டுவதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டான். நெற்றி அடுப்புக்கல்லாகச் சுட்டது. இரவு போட்ட சளி மாத்திரையின் கிறக்கம் வேறு. போக வேண்டாம் என்றாள். தடம் போய்விடும் என்றான். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அப்போதுதான் அந்த யோசனை தோன்றியது. அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. தலைமை ஆசிரியைக்கு போன் போட்டாள். "எனக்குக் காய்ச்சல் மேடம். எழுந்து நிக்க முடியல. இன்னிக்கு ஒருநாள் லீவு வேணும்."

"உடம்பைப் பாத்துக்கோ. நல்லா ரெஸ்ட் எடு," என்றார் அவர்.

காய்ச்சல்காரன் வேலைக்குப் போனான். காய்ச்சல் இல்லாதவள் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்துக்கொண்டு துணைக்குப் போனாள். முதல் தெருமுனையில் இரண்டு பேரும் அதை நினைத்துச் சிரிக்கக்கூடச் செய்தார்கள்.

"நான் பேசிட்டே வரேன். நீங்க 'ம்' கொட்டிட்டே வாங்க," என்றாள். "'ம்' வரலைன்னா வண்டியை ஓரம் கட்டச் சொல்லிடுவேன்."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதைத்தானே பண்ணிட்டிருக்கேன்."

நன்றாகத்தான் போனது. இரண்டு ஓட்டல்களில் அவளே மூட்டைகளை இறக்கிக் கொடுத்தாள். அக்காள் வீட்டுச் சண்டை, மாடி வீட்டுக்காரியின் புது நாய் என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். அவனும் 'ம்' கொட்டினான். அப்புறம் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் கதையைத் தொடங்கினாள். நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தவரைத் தலைமை ஆசிரியை பிடித்துவிட்டார். "தூங்கல மேடம், கண்ணை மூடிக்கிட்டா காது நல்லா கேக்கும், அதான்" என்றாராம் அவர். அதை அப்படியே நடித்துக் காட்டினாள். தலையைச் சாய்த்து, கண்களை மூடி, வாட்ச்மேனின் கட்டைக் குரலில்.

அவள் கண் மூடியிருந்தபோதுதான் 'ம்' நின்றுபோயிருக்க வேண்டும். தன் கதைக்குத் தானே சிரித்ததில் அது அவள் காதில் விழவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் நின்ற தையல்காரர்மேல் வண்டி ஏறியது. பிறகு மருத்துவமனையில் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இடித்த வேகத்தில் வண்டியின் பின்கதவு திறந்து மூட்டைகள் அவிழ்ந்து சாலையெங்கும் வெள்ளை விரிப்புகள். யாரோ ஒன்றை எடுத்து அவர்மேல் போர்த்தினார்கள். இறந்துவிட்டார் என்று நினைத்துத்தான் போர்த்தினார்கள். அந்தத் துணி அசைந்ததை அவள் பார்த்தாள்.

ஆண்கள் இருவரும் வாசலில் நின்றுவிட, அவள் மட்டும் காவல் நிலையத்துக்குள் போனாள். நடைவழியில் ஒரே ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்திருந்த பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். மடியில் மருத்துவமனைப் பை.

"உக்காருங்கம்மா. கூப்பிட நேரமாகும். உங்களுக்கும் வண்டி கேஸா?"

அவள் தலையசைத்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்குக் கால் போச்சு. தையல்காரர். பஸ்ஸுக்கு நின்னவரை சலவை வண்டி வந்து இடிச்சுடுச்சு." அழுது முடித்துவிட்ட குரலில் அவள் சொல்லிக்கொண்டு போனாள். "இனி மெஷினை எப்படி மிதிக்கறதுன்னு கேக்கறாரு. கையால சுத்தற மெஷின் வாங்கலாம்னேன். அது பொம்பளைங்க மெஷினாம். அந்த நெலமையிலயும் வீம்பைப் பாருங்க."

இவள் 'ம்' கொட்டினாள்.

"அந்த டிரைவரை நல்லா திட்டிட்டுப் போலாம்னுதான் வந்தேன். ஓட்டும்போது திடீர்னு மயக்கமாம், முன்னாடி ஒண்ணுமே தெரியலையாம். பாவம், அவன்தான் என்ன பண்ணுவான்? யார் மேல கோவப்படறதுன்னே தெரியலைங்க. கோவப்பட ஒரு ஆள் இருந்தா கொஞ்சமாவது தூக்கம் வரும்."

உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்தவள் அறைப்பக்கம் போகாமல் வாசலைப் பார்த்துத் திரும்பினாள். தையல்காரரின் மனைவி அவள் கையைப் பிடித்து நிறுத்தி, "பயப்படாதீங்க. இன்ஸ்பெக்டர் அம்மா நல்லவங்கதான்," என்றாள்.

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குக் கழுத்து வலிபோல. பேனாவால் பிடரியை நீவிக்கொண்டே கேட்டார். "அன்னைக்கு எதுக்கு அந்த வண்டியில போனீங்க?"

கடைத்தெரு என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது.

"அவருக்கு உடம்பு முடியலங்க. தூங்கிடக் கூடாதுன்னு பேச்சுத் துணைக்குப் போனேன்."

பேனா பிடரியிலேயே நின்றது. "முடியலன்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியுமா?"

"தெரியும். வீட்டிலேயே தெரியும்."

"சொல்றதை யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஆமாங்க. வெளியே பெஞ்சுல ஒருத்தங்க இருக்காங்க. அவங்ககிட்டயும் நீங்களே சொல்லிடுங்க. எனக்குத் தைரியம் இல்ல."

எல்லாம் எழுதி முடிந்து திரும்பி வரும்போது பெஞ்சு காலியாக இருந்தது. பக்கத்து அறையில் ஒரு பெண் காவலர் யாருக்கோ மெதுவாக எடுத்துச் சொல்வது கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அவள் நிற்காமல் நடந்தாள். வக்கீல் படியிலேயே அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

கணவன் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"உன்னையும் சேர்த்து எழுதினாங்களா?"

"எழுதினாங்க. கூப்பிடும்போது வரணுமாம், ரெண்டு பேரும்."

அவனுக்குக் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். அவன் அவள் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

சாலையைக் கடக்கும் வெள்ளைக் கோடுகளின் முன்னால் வந்து நின்றார்கள். ஒரு சரக்கு வண்டி அவர்களுக்காக நின்றது. அதன் டிரைவர், போங்கள் என்று கையசைத்தான். கணவன் காலை எடுத்து வைக்கவில்லை. நீ போ என்று டிரைவருக்குக் கையசைத்தான். டிரைவர் சிரித்துக்கொண்டே மறுபடியும் இவர்களைப் போகச் சொன்னான். பின்னால் வண்டிகள் ஒலி எழுப்பத் தொடங்கின. அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். உயர்த்திய கையை இறக்காமல், கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்த அந்த முகத்தில் காய்ச்சலோ தூக்கமோ தெரிகிறதா என்று அவன் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான்.