பானாவில் நிற்கும் பெட்டி

கத்தரினா அந்த அம்ப்ளிஃபயர் பெட்டியை மேசையில் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து ரொட்டிக் கடைக்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"மூண்டாவது தரம், நானா. ஊர் முழுக்க என்னை வச்சுச் சிரிக்குது," என்றாள்.

ஹிஸ்புல்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கற்பிட்டிக் கடைத்தெருவில் ரேடியோ, டீவி பழுது பார்க்க அவர் ஒரு மேசை போட்டு மூன்று வருடமாகியிருந்தது. அதற்கு முன் மன்னார் எருக்கலம்பிட்டியில் அவருக்குச் சொந்தக் கடை இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு புலிகள் இயக்கம் முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேறச் சொன்னபோது, அவர் மல்ட்டிமீட்டரைச் சாரத்துக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டு வள்ளம் ஏறினார். அதைப் பார்த்த ஒரு மூதாட்டி, பாவம் வயிறு வீங்கிய நோயாளி என்று தன் இடத்தைக் கொடுத்தாள். கற்பிட்டியில் கரையேறிய நாளிலிருந்து அந்த மீட்டர்தான் அவருக்குச் சோறு போட்டது.

கத்தரினாவுக்கு அந்த அம்ப்தான் சோறு போட்டது. அவளுடைய ஊரான கண்டக்குழியில் கல்யாணமோ, முதல் நன்மையோ, செத்தவீடோ, எதற்கும் ஒலிபெருக்கி அவளுடையதுதான். கொழும்பில் மூடிப்போன ஒரு ஹோட்டலின் நடன மண்டபத்திலிருந்து அவள் புருஷன் நிக்கொலஸ் வாங்கி வந்தது. எழுபதுகளில் ஜப்பானில் செய்த பெட்டி. வெள்ளி முகம், இரண்டு ஆடும் முள், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் பாரம். நிக்கொலஸ் நான்கு வருடத்துக்கு முன் இத்தாலிக்கு வள்ளம் ஏறினான். ஒரு கோபுரத்தின் முன்னால் நின்று எடுத்த படம் ஒன்று வந்தது. பிறகு கோபுரத்தையும் காணவில்லை, அவனையும் காணவில்லை.

"திரும்பவும் டக்கா?" என்று கேட்டார்.

"டக்தான். அந்தோனியாற்ற மகளின்ர கலியாணத்தில, மாப்பிள்ளையின்ர மாமா வாழ்த்த எழும்பினார். வாயத் திறந்தார், டக். ஆறு தரம். கடைசியில அந்த மனுசன் மைக்கைக் கலியாணப் பொம்பிளையின்ர மடியில வச்சிட்டுப் போட்டார். நான் அண்டைக்கே சொன்னன், இது பாட்டுக்கு நிக்காது, மனுசர் கதைச்சாத்தான் நிக்கும் எண்டு."

"அம்புக்கு ஆள் தெரியுமா தங்கச்சி? பாட்டும் பேச்சும் அதுக்கு ஒண்டுதான்," என்று சிரித்தார் ஹிஸ்புல்லா.

அவர் சிரித்தாரே தவிர, உள்ளுக்குள் கூசிப்போயிருந்தார். இந்த வகை அம்ப் பழுதாகிவிட்டால், பாட்டோடு சேர்ந்து நேர்மின்சாரமும் ஸ்பீக்கருக்குப் போகும். அது போனால் ஸ்பீக்கரின் சுருள் கருகும். அதற்காக உள்ளே ஒரு காவல் சுற்று வைத்திருப்பார்கள். நேர்மின்சாரம் வருகிறதென்று தெரிந்ததும் அது ரிலே என்ற சுவிட்சை டக்கென்று திறந்து ஸ்பீக்கரை வெட்டிவிடும். ஆபத்து நீங்கியதாகத் தெரிந்தால் ஐந்தாறு விநாடியில் மீண்டும் இணைக்கும். ஆகவே எங்கோ நேர்மின்சாரம் ஒழுகுகிறது என்று முடிவு கட்டி, முதல் தரம் ஈயம் விட்டுப்போன இடமெல்லாம் திரும்பப் பற்றவைத்தார். இரண்டாம் தரம் பழைய ட்ரான்சிஸ்டர்களை மாற்றினார். உப்புக் காற்றில் பச்சை பிடித்த திருகிகளைத் துப்புரவாக்கினார். ஒவ்வொரு தரமும் மூன்று நாள் முழுக்க பைலாவும் இந்திப் பாட்டும் போட்டுப் பார்த்தார். "ஹலோ, ஹலோ" என்று மைக்கிலும் மெதுவாகப் பேசிப் பார்த்தார். ஒரு டக் இல்லை. ரொட்டிக் கடைக்காரருக்குப் பாட்டெல்லாம் பாடமாகிவிட்டது. அம்ப் கண்டக்குழிக்குப் போனதும் பழைய குணத்தைக் காட்டியது.

பழுது பார்ப்பவரைப் 'பாஸ்' என்று கூப்பிடும் கடைத்தெருவில், அகதி பாஸுக்கு அம்ப் தெரியாது என்று ஒரு கதை உலாவத் தொடங்கியதையும் அவர் கேட்டிருந்தார்.

"இந்த முறை திருத்த வேணாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஜபார் ஹாஜியாற்ற தேர்தல் கூட்டம் எங்கட ஊரில. நீங்க மீட்டரோட வந்து பெட்டிக்குப் பக்கத்தில குந்துங்கோ. நிக்கிற நேரத்தில அதைப் பிடியுங்கோ," என்றாள் கத்தரினா.

அது தொண்ணூற்று நான்காம் ஆண்டு. பொதுத் தேர்தலுக்கு மூன்று கிழமை இருந்தது. ஜபார் ஹாஜியாருக்கு இறால் பண்ணை இரண்டும், பேசத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாத வாயும் இருந்தன.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் இருவரும் ஓட்டோவில் அம்பை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். வழியில் கடற்படைச் சாவடி. இளம் சிப்பாய் ஒருவன் எட்டிப் பார்த்தான். மூடி கழற்றிய பெட்டி, உள்ளே போத்தல் போல இரண்டு உருளைகள், சிவப்பும் கறுப்புமாக வயர்கள், முள் ஆடும் ஒரு மீட்டர், மன்னார் விலாசம் போட்ட அடையாள அட்டை. அவன் மூன்று எட்டுப் பின்னால் போய்த் துவக்கைத் தூக்கினான்.

துவக்குக்கு முன்னால் ஹிஸ்புல்லாவுக்குத் தமிழே வராது; சிங்களம் எங்கே வரப்போகிறது?

கத்தரினா இறங்கிப் போய்ச் சிங்களத்தில் பொரிந்து தள்ளினாள். சிப்பாயின் முகம் மெல்ல இளகியது, பிறகு சிரித்தான், பிறகு கையசைத்துப் போகச் சொன்னான்.

"என்னா சொன்னீங்க?"

"இது குண்டெண்டாலும் பயப்பிடாத தம்பி, வெடிக்கத் துவங்கிப் பாதியில நிண்டுபோகும் எண்டு சொன்னன்."

கூட்டம் கடற்கரைப் பக்கத்து வெளியில். கச்சான் காற்று மேடைத் துணியைப் பிய்த்தெடுத்துக்கொண்டிருந்தது. பின்னேரம் நான்கு மணிக்கு ஐம்பது அறுபது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே இருந்தார்கள். மேடையில் ஹாஜியாருக்கென்று மட்டும் மெத்தை வைத்த ஒரு கதிரை.

ஹிஸ்புல்லா மேடைக்குக் கீழே அம்பின் பக்கத்தில் குந்தினார். ரிலேக்கு முன்னாலேயே மீட்டரை இணைத்தார். நேர்மின்சாரம் ஒழுகினால் முள் ஒரு பக்கம் பாய்ந்து நிற்க வேண்டும். கள்ளனை இன்று கையோடு பிடிப்பது என்று பிஸ்மி சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பைலா ஒரு மணித்தியாலம் பிசகில்லாமல் போனது. பிறகு ஹாஜியார் எழுந்து மைக்கை ஐஸ் பழம் போல வாயோடு ஒட்டிப் பிடித்தார்.

"அன்பான பு—"

டக்.

ஆறு விநாடி கழித்து மீண்டும் உயிர் வந்தது. அவருக்குத் தெரியவில்லை, பேசிக்கொண்டே போனார்.

"...எண்ட எதிரிகள் இவ்வளவு காலமும் உங்களுக்குத் தந்ததெல்லாம் பொ—"

டக்.

"மீன் செதில்!" என்று கூட்டத்திலிருந்து யாரோ ஒருவன் நிரப்பினான்.

"...நான் வந்தா கண்டக்குழிக்குக் கொண்டுவாறது நல்ல பா—"

டக்.

"காத்து!"

வலை பொத்தியவர்கள் வலையைக் கீழே போட்டார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டு வீடுகளிலிருந்து பெண்கள் வந்தார்கள். வாடிகளில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அரை மணித்தியாலத்தில் ஐந்நூறு பேர். ஒவ்வொரு டக்குக்கும் ஐந்நூறு பேரும் சேர்ந்து ஒரு சொல்லைக் கத்தினார்கள். அவற்றில் சில அச்சில் போடக்கூடியவை அல்ல.

ஹாஜியாரின் மருமகன் ஹாசிம் மேடையிலிருந்து குதித்து வந்து ஹிஸ்புல்லாவின் சட்டைக் கழுத்தைப் பிடித்தான்.

"மற்றக் கட்சிக்காரன்ட வேலையா? அகதியா வந்து எங்கட ஊரில குந்திக்கிட்டு, எங்கட ஆளயே கேவலப்படுத்துறியா?"

சுற்றி நின்றவர்களின் சிரிப்பு நின்றது. அகதி என்ற சொல்லை ஹிஸ்புல்லா முதுகுக்குப் பின்னால் பல தரம் கேட்டிருக்கிறார். முகத்துக்கு நேரே இதுதான் முதல் தரம். ஆனாலும் அவர் கண் மீட்டரை விட்டு நகரவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வீசியது. ஹாஜியார் வாயையே திறக்கவில்லை. டக்.

முள் இலேசாக நடுங்கியது. பூச்சியத்தை விட்டு அசையவில்லை.

"கைய எடுங்க தம்பி. கண்டுபிடிச்சிட்டன்," என்றார் மெதுவாக.

"என்னத்த?"

"அம்ப் நல்லா இரிக்கி. ஒரு துளி ஒழுகல்ல. இந்தக் காவல்காரன்தான் ஒண்டுமில்லாததுக்கெல்லாம் கதவ மூடுறான்."

கத்தரினா ஹாசிமின் கையைத் தட்டிவிட்டாள். "விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ நானா."

"ஹாஜியார் 'பானா' சொல்லக்குள்ள வாய்க்காத்து புஸ்ஸுண்டு மைக்கில அடிக்கிது. கடல் காத்தும் அப்பிடித்தான். அது காதுக்குப் பெரிசாக் கேக்காது, ஆனா அம்புக்குள்ள பெரிய அலையா மெதுவாப் போய் வரும். காவல் சுற்று அந்த அலையத்தான் நேர்மின்சாரமெண்டு நெனக்கிது. பாட்டில அந்த மாதிரிக் காத்து இல்ல. எண்ட கடையிலயும் காத்து இல்ல." அவர் நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க மொதல்ல இரிந்தே சொன்னீங்க, மனுசர் கதைச்சாத்தான் நிக்குதெண்டு. நான்தான் கேக்கல்ல."

"மன்னிப்பைப் பிறகு கேளுங்கோ. இப்ப என்ன செய்றது?"

"மைக்க காத்துக்கு முதுகு காட்டித் திருப்பணும். நல்ல பஞ்சு கிடைச்சா சுத்திக் கட்டலாம்."

கத்தரினா மேடையில் ஏறினாள். ஹாஜியாரின் கதிரை மெத்தையைத் தூக்கினாள். இளநீர் விற்க வந்தவளிடம் கத்தியை வாங்கி ஒரே கீறல். ஹாஜியார் "தங்கச்சி, தங்கச்சி!" என்று பதறுவதற்குள் பிடி அளவு பஞ்சைப் பிய்த்து, தன் கொண்டை நாடாவை அவிழ்த்து மைக்கில் கட்டிவிட்டாள்.

"இப்ப சொல்லுங்கோ ஹாஜியார். பானாவிலயே துவங்குங்கோ."

"பொதுமக்களே!" என்றார் ஹாஜியார் பயந்து பயந்து.

டக் இல்லை.

அவர் முகம் மலர்ந்தது. பாலம் என்றார், பாடசாலை என்றார், பனை அபிவிருத்தி என்றார். ஒன்றிலும் நிற்கவில்லை. பத்து நிமிடத்தில் கூட்டத்துக்கு விஷயம் விளங்கியது. இருபதாவது நிமிடம், "அந்தப் பஞ்சைக் கழட்டுங்கோ!" என்று ஒரு குரல் கெஞ்சியது. முக்கால் மணித்தியாலத்தில் ஒலிபெருக்கியையும் ஹாஜியாரையும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், இறங்கிப் போக முடியாத மேடைக்காரர்கள் மட்டும்தான்.

மறுநாள் ஹிஸ்புல்லா காவல் சுற்றை மட்டும் கழற்றி மேசையில் வைத்தார். பாட்டின் ஏற்ற இறக்கத்தை வடித்துவிட்டு, உண்மையான நேர்மின்சாரத்தை மட்டும் காவலுக்குக் காட்டுவதற்கு அதில் ஒரு சிறிய கண்டென்சர் இருந்தது. இருபது வருடச் சூட்டில் அது உள்ளுக்குள் காய்ந்து, வடிப்பதற்குத் தெம்பில்லாமல் கிடந்தது. நகம் அளவு சாமான். இதைத் தேடாமல் பெரிய ட்ரான்சிஸ்டர்களோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டியிருக்கிறார். செத்துப்போன ஒரு டீவியிலிருந்து அதே அளவு இரண்டைக் கழற்றி, மீட்டரால் பார்த்து, நல்லதைப் பற்றவைத்தார்.

பிறகு மைக்கில் பஞ்சில்லாமல் ரொட்டிக் கடைக்காரரைக் கூப்பிட்டுப் "பப்பாளிப்பழம்" சொல்ல வைத்தார். அவர் இருபது தரம் சொன்னார். அதோடு நில்லாமல் "பருப்பு, பரோட்டா, பழைய பாக்கி" என்று சொந்தச் சரக்கையும் அவிழ்த்துவிட்டார். தெருவே அதிர்ந்தது. ரிலே வாயைத் திறக்கவில்லை.

கத்தரினா கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்துக் கண் கலங்கிவிட்டது. "இதை விக்கத்தான் நினைச்சன், நானா. விலையும் பேசிப்போட்டன்," என்றாள். இவ்வளவு நாளும் அதை அவள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

நான்காம் நாள் ஜபார் ஹாஜியாரே கடைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை வியர்த்திருந்தது. நேற்று முந்தல் ஊரில் கூட்டமாம். கத்தரினாவின் அம்ப்தான், பிசகே இல்லையாம். வந்தது முப்பத்திரண்டு பேரும் ஒரு நாயுமாம்.

"கண்டக்குழியில ஐந்நூறு பேர், ஹிஸ்புல்லா," என்றார் குரலைத் தாழ்த்தி. "எனக்கு அப்பிடிக் கூட்டம் ஒருநாளும் வந்ததில்ல. அந்தப் பழுத திரும்பப் போட ஏலுமா?"

ரொட்டிக் கடையில் கொத்து ரொட்டி போடும் சத்தம் நின்றுவிட்டது.

"ஹாஜியார், ஊர்ல இருவது வருசம், இஞ்ச மூணு வருசம். எண்ட கையால ஒரு சாமானையும் பழுதாக்கி அனுப்பினதில்ல. அத மட்டும் கேக்காதீங்க."

"அப்ப நான் என்ன செய்ற?"

அங்கே வந்திருந்த கத்தரினாதான் பதில் சொன்னாள். "பத்து நிமிசத்தில நீங்களே நிண்டுடுங்கோ ஹாஜியார். சனம் கைதட்டும். நான் பொறுப்பு."

ஹாஜியார் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். ஆனால் அடுத்த கூட்டத்தில் பன்னிரண்டு நிமிடம்தான் பேசினார் என்றும், சனம் நன்றியோடு கைதட்டியது என்றும் கேள்வி. தேர்தலில் அவர் தோற்றார். அதற்கு அம்ப் காரணமில்லை. வாக்காளர்களுக்கு அவரை ஏற்கெனவே தெரிந்திருந்தது.

ஆவணி முடிவில் ஹாசிம் கடைக்கு முன்னால் வந்து நின்றான். கையில் துவாயில் சுற்றிய ஒரு ரேடியோ கசெட் பிளேயர். ஹிஸ்புல்லாவின் முகத்தைப் பார்க்காமல் மேசையின் காலைப் பார்த்துப் பேசினான்.

"நானா, வாப்பாட ரேடியோ. இடைக்கிடை நிண்டுபோகுது. அண்டைக்கு நான்..."

"அது போகட்டும். உங்களுக்கு முன்னுக்கு ரெண்டு பேர் இரிக்காங்க, அந்த வாங்கில இரிங்க," என்றார் ஹிஸ்புல்லா. பிறகு ஈயக் கம்பியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "எப்ப நிக்கிது? பாட்டிலயா, செய்தியிலயா?"

"செய்தியில, நானா," என்றான் ஹாசிம். "யுத்தச் செய்தி வந்தா வாப்பா ரேடியோவுக்கு அடிக்கிறார்."