கட்டிக்கொண்ட தேநீர்

ரிங்லெட் ஊருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், குமுதாவின் பசு கன்று ஈன்று மூன்று மாதமாகியும் சீம்பாலையே கறந்தது. மற்ற பசுக்களுக்கு நாலைந்து நாளில் நின்றுவிடும் அந்த மஞ்சள் பால் இதற்கு நிற்கவில்லை. அடுப்பில் வைத்தால் கட்டிக்கொள்ளும். தேநீரில் ஊற்றினால் தேநீரும் கட்டிக்கொள்ளும். சீம்பாலை விற்கக் கூடாது என்பதால் குமுதா சும்மா கொடுத்தாள். சும்மா வருவதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. ஆகவே லயன் வரிசை வீட்டு ஜனங்கள் காலைத் தேநீரைக் கரண்டியால் வெட்டிச் சாப்பிட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனார்கள். கம்போங் ராஜாவிலிருந்து வந்த மாட்டு டாக்டர் பசுவின் வாயைப் பார்த்தார், மடியைப் பார்த்தார், ஒரு கிண்ணம் சீம்பால் சாப்பிட்டார், ஒரு நோயும் இல்லை என்று சொல்லிவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டார்.

குமுதாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கன்று வயிற்றில் குறுக்கே கிடந்த அன்று, பசு பிழைத்தால் ஆடி முதல் வெள்ளிக்கு அம்மனின் அபிஷேகப் பால் தன் வீட்டுப் பால்தான் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். பூசாரி சிவசாமியோ, சீம்பால் கன்றுக்கு உரியது, அம்மன் தலையில் ஊற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமையோ மறுநாள்.

சீம்பால் நிற்காத காரணம் அவளுக்குத் தெரியும். கணவர் செல்லையாவுக்கும் தெரியும். முதல் சீம்பாலை லயனில் எல்லா வீட்டுக்கும் கொடுப்பது வழக்கம். குமுதா அடுத்த வீட்டு ரஞ்சிதத்துக்கு மட்டும் கொடுக்கவில்லை. நஞ்சுக்கொடி விழுவதற்குள் கன்றைப் போட்டோ பிடித்துத் தோட்டத்து வாட்சப் குரூப்பில் போட்டுக் கண்பட வைத்தவள் அவள். அன்று முதல் பேச்சில்லை. உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பில் போட்டதில் லயனே இருமியதுதான் மிச்சம்.

"ஒரு கிண்ணத்துல முடியிற விஷயம் லா," என்றார் செல்லையா. "நீ போறியா, நான் போகட்டா?"

குமுதா சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு அவித்த சீம்பாலோடு பக்கத்துக் கதவைத் தட்டினாள்.

"அடியாத்தி! இப்பத்தான் எங்க வீடு கண்ணுக்குத் தெரிஞ்சுச்சாக்கா?" என்றாள் ரஞ்சிதம்.

"கன்னுக்குட்டிய போட்டோ புடிச்சுப் போட்டது யாருடி?"

"நான்தான். அதுக்கு மொத ஆளா ஹார்ட் போட்டது யாரு? இந்தா, நீயே பாரு லா."

ரஞ்சிதம் போனை நீட்டினாள். கன்றின் படத்துக்குக் கீழே சிவப்பாக ஓர் இதயம், பக்கத்தில் குமுதாவின் பெயர். கோபம் வருவதற்கு முன்னால் பெருமைதான் வந்திருக்கிறது. குமுதாவுக்கு வெட்கம் வந்தது. பிறகு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது.

"சரி, தின்னுத் தொலைடி."

ரஞ்சிதம் கிண்ணத்தை வழித்துத் தின்றாள். "ஏலக்கா கம்மி," என்றாள்.

விடிகாலையில் பசு நுரைக்க நுரைக்க வெள்ளைப் பால் கறந்தது. குடத்தை இரண்டு பேருமாகப் பிடித்துக் கோயிலுக்குத் தூக்கிப் போனார்கள். சிவசாமி முகர்ந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகும், லயனில் யாராவது யாரோடாவது பேச்சை நிறுத்தினால் அந்த வீட்டுத் தேநீர் மட்டும் கட்டிக்கொள்கிறது. மழை வந்தால் கொடியிலிருந்து துணி எடுப்பதுபோல, ஜனங்கள் கரண்டியை வைத்துவிட்டு ஆளைத் தேடிப் போகிறார்கள். சென்ற வாரம் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி லோகேஸ்வரன் வீட்டில் கட்டிக்கொண்டது. அவர் இரண்டு கரண்டி சாப்பிட்டார், வாயைத் துடைத்துக்கொண்டார், கோலா தெர்லாவில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டார்.